சூசையப்பர் படகு திரும்பிய காலை

கடலுக்குள் இருந்தாலும் கூப்பிட்டால் கேட்கும் என்று நான் இன்றைக்கும் நம்புகிற என் அப்பாவுக்கு,

மூத்தவள் எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை. உங்களோடு எனக்கு இப்போது கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் திடுக்கிட வேண்டியதில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இதை எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. போகப் போகச் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை என் மகள், உங்கள் பேத்தி ஆனுக்குக் கலியாணம். எனக்கே நம்ப முடியவில்லை, உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது நான் ஐந்தாம் வகுப்பு, இரண்டு பின்னல். இப்போது கனடாவில், விட்பியில் வீடு, முழங்காலில் வலி, ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலை. எந்தப் பனியிலும் சறுக்காமல் ஓட்டுவாள் என்று வேலையிடத்தில் எனக்கு ஒரு பெயர். அந்தக் கை உங்களுடையது என்று அம்மா சொல்லுவா. அம்மா எங்களோடுதான் இருக்கிறா. காது கொஞ்சம் மந்தம். வாய் அப்படியே இருக்கிறது.

கலியாண வேலை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அஜின்கோர்ட்டில் சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சண்டை. அதற்குள் ஆன் ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் கேட்காமல் மோர்னிங்சைட்டுக்குப் போய், பிலிப்பு மாமாவின் கையில் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

பிலிப்பு மாமா யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அம்மாவின் ஒரே தம்பி. 'சூசையப்பர்' அப்பாவின் வள்ளம், 'செபஸ்தியார்' மாமாவின் வள்ளம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, நடுவில் மடி என்கிற ஒரே பெரிய வலையை இழுத்து மீன் பிடித்த மச்சான்மார் அவர்கள். அப்பா செத்த நாளில் இருந்து இன்றுவரை, முப்பது வருஷத்துக்கும் மேலாக, அம்மா தன் தம்பியோடு ஒரு சொல் கதைத்ததில்லை. தமிழ்ப் பூசைக்கு இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தான் வருவார்கள். அம்மா முன்வரிசை வாங்கில் இருப்பா. மாமா கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, கடைசி ஆசீர்வாதத்துக்கு முதலே போய்விடுவார்.

ஆனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் போனாள். நான் ஏசியபோது, "அம்மா, ஹீ இஸ் ஃபாமிலி. கார்ட்டைக் கையில வச்சுக்கொண்டு அழுதவர், தெரியுமா?" என்றாள்.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டு படியில் நின்றிருக்கிறா. காது மந்தமானவவுக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ தெரியாது. கத்தவில்லை, அழவில்லை. "அவன் கோயிலுக்குள்ள காலடி வச்சால் நான் வெளியில நிப்பன். ஸ்னோ கொட்டினாலும் நிப்பன்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டா. நிற்பா என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அந்த மாரிகாலத்தை நான் மறக்கவில்லை அப்பா. எங்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருந்த கடலில் யாரோ கண்ணிவெடி போட்டுவிட்டார்கள். எந்தப் பக்கம் போட்டது என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை. மா மூட்டையும் மருந்தும் ஏற்றி வந்த வள்ளம் ஒன்று வெடித்துச் சிதறியது. அதற்குப் பிறகு ஒருவரும் கடலில் இறங்கவில்லை. கடைகளில் அரிசி முடிந்தது. அப்போதுதான் துவக்கும் தோட்டாவும் வைத்திருந்தவர்கள் உங்களையும் மாமாவையும் தேடி வந்தார்கள். வந்து கேட்டார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரும்பு வள்ளம் கிட்டப் போனாலே சில கண்ணிகள் வெடித்துவிடுமாம், மரவள்ளம்தான் தோதாம். அதோடு இரண்டு வள்ளத்தைச் சேர்த்து இழுக்கத் தெரிந்தவர்கள் தீவில் நீங்கள் இரண்டு பேர்தான்.

மடியையும் ஐஸ்பெட்டியையும் இறக்கிக் கரையில் போட்டார்கள். வள்ளத்துக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். சூசையப்பர் என்ற எழுத்துக்கு மேல் பூச மட்டும் நீங்கள் விடவில்லை. அவரை மறைச்சுப்போட்டு ஆரை நம்பிக் கடலுக்குப் போறது என்று கேட்டீர்களாம்.

மடி இருந்த இடத்துக்கு நீளமான இரும்புக் கம்பி வந்தது. ஒரு நுனி உங்கள் வள்ளத்தில், மறு நுனி மாமாவின் வள்ளத்தில். நடுப்பகுதி பாரக்கட்டிகளோடு தண்ணீருக்குள் தாழ்ந்து வரும். கண்ணியை அடிநிலத்தோடு கட்டி வைத்திருக்கிற வடத்தில் கம்பி பட்டு அறுத்தால், கண்ணி மேலே வந்து மிதக்கும். பிறகு தூரத்தில் நின்று சுட்டு வெடிக்கவைப்பார்கள். கம்பியின் இரண்டு நுனியிலும் கயிறு முடிந்திருந்தது, கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கத்தி. கம்பி எதிலாவது சிக்கி இறுகினால் கயிற்றை வெட்டிவிட்டு நேரே போக வேண்டும். என்ன வந்தாலும் திரும்பக் கூடாது. இதுதான் உங்களுக்குச் சொல்லித் தந்த ஒரே சட்டம். ஒரு வள்ளத்துக்கு ஒரு ஆள்தான் விட்டார்கள். போனால் ஒருவரோடு போகட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரண்டு எஞ்சின் சத்தமும் திரும்பி வரும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அம்மா செபமாலையோடு கரையில் இருப்பா, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பார்த்தால் ஏதாவது நடந்துவிடும் என்று பயம். சூசையப்பரின் எஞ்சின் கொஞ்சம் இருமும், செபஸ்தியார் சீராக ஓடும், எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லத் தெரியும். நீங்கள் இழுத்துத் துப்புரவாக்கிய பாதையால்தான் மாவும் மருந்தும் வந்தன, பிள்ளைப்பேற்றுக்காரிகள் அக்கரைக்குப் போனார்கள். கண்ணி மேலே வந்த நாட்களில் கரையில் ஊர் கூடிக் கைதட்டும். நீங்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டுவீர்கள், மாமா வெட்கப்பட்டுத் திரும்பி நிற்பார்.

பிறகு அந்தக் காலை. வெடித்த சத்தம் கேட்டது, பிறகு ஒரு எஞ்சின் மட்டும் வந்தது. சீராக ஓடுகிற எஞ்சின். அம்மா தண்ணீருக்குள் இறங்கி ஓடினா, நானும் பின்னால் ஓடினேன். மாமாவின் வள்ளத்தின் பின்பக்கத்தில் வெட்டிய கயிறு தொங்கியது. "அக்கா, நான் வெட்டிப்போட்டன்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

மிச்சத்தை ஊர் சொல்லி முடித்தது. கம்பி இறுகினதும் அவன் இவருக்குக் கைகூடக் காட்டாமல் பயத்தில் வெட்டிவிட்டு ஓடிவந்துவிட்டான், முழுப் பாரமும் இவர் பக்கம் சாய்ந்து, கம்பி இவரைக் கண்ணிக்கு மேல் இழுத்துவிட்டது என்று. உங்கள் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். நின்று செத்தவர் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தார். மாமாவை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அவரோடு கடலுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பெண் கொடுக்கவும் ஒருவரும் முன்வரவில்லை. கனடாவுக்கு வந்த பிறகும் அந்தக் கதை அவருக்கு முன்னால் வந்து இறங்கியிருந்தது. இன்றைக்கும் தனி ஆள்தான்.

போன திங்கட்கிழமை காலை பஸ் ஓட்டத்தை முடித்துவிட்டு நான் மோர்னிங்சைட்டுக்குப் போனேன். வராதேயுங்கோ என்று சொல்லத்தான் போனேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாயை வாசலில் நிற்கவைத்துவிட்டு எப்படி மகளின் கலியாணத்தைச் செய்வது?

பெரிய கட்டடம், சின்ன அறை. சுவரில் செபஸ்தியார் படம், பக்கத்தில் நீங்கள். ஆமாம், நீங்கள்தான். எங்கள் வீட்டில்கூட இல்லாத படம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள். நான் சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னேன். மாமா முழுதும் கேட்கக்கூட இல்லை. "சரி பிள்ளை. நான் வரேல்லை. அக்காவை நிம்மதியா இருக்கச் சொல்லு," என்றார். கோட்டைக் கழற்றச் சொல்லி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

அவர் சண்டை பிடித்திருந்தால் நான் வந்த வழியே போயிருப்பேன். அவ்வளவு சுகமாக ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குற்றவாளி என்றால் ஏன் எங்கள் அப்பாவின் படத்தைச் சுவரில் வைத்திருக்கிறார்? குற்றவாளி இல்லையென்றால் ஏன் வாயைத் திறக்கிறார் இல்லை? நான் கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் நான் எழும்ப மாட்டேன், பிற்பகல் பஸ்ஸுக்கு வேறு ஆளைப் போடட்டும் என்றேன். அவர் தேத்தண்ணியை ஆற்றினார். ஜன்னலால் பார்த்தார். வேண்டாம் என்றார். நான் விடவில்லை, உங்கள் மகள்தானே.

கடைசியில் அவர் சொன்னது மூன்று சொல். "அத்தான் திரும்பினவர் பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார். கம்பி இறுகியது. மாமா கத்தியை எடுத்து உங்களுக்குக் காட்டினார், வெட்டுவோம் என்று. நீங்கள் கையை உயர்த்தினீர்கள், பொறு என்று. அது எப்போதும் நீங்கள் காட்டுகிற கைதான். மடி கடலடிப் பாறையில் சிக்கிக் கொழுவினால் நீங்கள் ஒருநாளும் வெட்டுவதில்லையே. எஞ்சினைக் குறைத்து, வள்ளத்தைத் திருப்பி, கொழுவின இடத்துக்கு மேலே வந்து, எதிர்ப்பக்கமாக இழுத்துக் கிழியாமல் எடுப்பீர்கள். அப்படியே திரும்பினீர்கள். கரைப்பக்கம் இல்லை, கடல்பக்கமாக. மாமா கத்தினார், எஞ்சின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. கம்பி கண்ணியை இன்னும் இழுக்காமல் இருக்கட்டும் என்று தன் கயிற்றை வெட்டினார். அதற்குள் நீங்கள் கண்ணிக்கு மேல் வந்துவிட்டீர்கள்.

"அவருக்குப் பயமே இருக்கேல்லை," என்றார் மாமா. "மடி எடுக்கப் போற முகம்தான். அது மடி இல்லை எண்டது அந்த நேரம் அவருக்கு மறந்துபோச்சு."

ஏன் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். கரைக்கு வந்தபோது அம்மா தண்ணீருக்குள் நின்ற நிலையைப் பார்த்தாராம். அந்த நேரம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்தநாள் ஊர் முழுக்க உங்களைப் பெரிய மனுசனாக்கிவிட்டது. "அத்தான் பிழை விட்டுச் செத்தார் எண்டு சொல்லுறதோ? தம்பி பயந்து வெட்டினான் எண்டு இருக்கிறதோ? அக்காவுக்கு எது லேசு? நான் உயிரோட இருக்கிறன், எனக்கு ஒரு கெட்டபேர் வந்தால் தாங்கலாம் எண்டு நினைச்சன். இவ்வளவு காலத்துக்கு நீளும் எண்டு நினைக்கேல்லை." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்குச் சொல்லாதே என்றார்.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. காரில் ஏறி 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன், இவ்வளவு வருஷ ஓட்டத்தில் இதுதான் முதல்தரம். உங்களைக் கேட்டுக்கொண்டே போனேன் அப்பா. சொன்னால் அம்மா இவ்வளவு காலமும் சுமந்த வீரன் இல்லாமல் போவார். சொல்லாவிட்டால் மாமா சனிக்கிழமையும் தனியாக இருந்து தேத்தண்ணி ஆற்றுவார். உங்களுக்கு உங்கள் பெயர் பெரிதா, மச்சான் பெரிதா? எப்போதும் இக்கட்டான நேரத்தில் நீங்கள் விசிலடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிற ஆள்தானே.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ நடந்ததென்று அவ மோப்பம் பிடித்துவிட்டா. புதன்கிழமை பகல், கலியாணத்துக்குப் பயத்தம் பணியாரம் உருட்டிக்கொண்டிருந்தபோது, "கொம்மான் பிலிப்பு என்ன சொன்னவன்?" என்று தானாகவே கேட்டா. நான் போனது அவவுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னேன். மாமா கத்தியைக் காட்டியது, நீங்கள் கையை உயர்த்தியது, திரும்பியது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது அவ உருட்டுவதை நிறுத்தவில்லை.

முடிந்த பிறகு அம்மா ஒன்றே ஒன்று கேட்டா. "எந்தப் பக்கம் திரும்பினவராம்?"

கடல்பக்கம் என்றேன்.

அம்மாவின் கை நின்றது. மாவோடு அப்படியே கதிரையில் இருந்தா. "ஓம். அவர் கடல்பக்கம்தான் திரும்புவார். துடுப்பு வலிச்சு வந்தாலும் கடல்பக்கம்தான். அந்த மடியை என்ன வந்தாலும் வெட்டமாட்டார். எனக்குத் தெரியாதே?" என்றா. பிறகு முகம் சிவந்தது. அழப்போறா என்று நான் நினைத்தேன். அழவில்லை. "சொன்னவங்கள் தானே திரும்ப வேண்டாம் எண்டு. ரெண்டு பிள்ளையையும் என்னையும் விட்டுட்டு, கம்பிக்கோ திரும்பினவர்?" என்று உங்கள் படத்தைப் பார்த்துக் கேட்டா. இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி அம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஃபோனை எடுக்கச் சொன்னா. நம்பரை அடித்து, சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தேன். மாமா என் நம்பரைக் கண்டு, "ஆர், ரெஜினாவோ?" என்றார்.

"நான்ரா," என்றா அம்மா.

அந்தப் பக்கம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்புகிற சத்தம் கேட்டது.

"ஏன்ரா சொல்லேல்லை நீ?"

"சொன்னால் நீ அத்தானை ஏசியிருப்பாய் அக்கா."

"ஏசத்தானே வேணும். ஏச வேண்டிய மனுசன் கடலுக்குள்ள போயிட்டார். கைக்கெட்டினது நீ. அதுதான் உன்னை ஒதுக்கினன்." அம்மா மாக்கையால் கண்ணைத் துடைத்தா. "முப்பது வருஷமாடா. அவரை ஏசாமல், உன்னையும் பாராமல்."

அதற்குப் பிறகு அவர்கள் கதைத்ததை நான் எழுதப்போவதில்லை. நான் எழும்பி வெளியே போய், முன்வாசலில் உப்புப் போட்டு ஐஸ் உடைத்தேன். உடைக்க அங்கே அவ்வளவு ஐஸ் இருக்கவில்லை.

நேற்று அம்மா என்னைக் கூப்பிட்டு இருத்தி, எழுது என்றா. ஆருக்கு என்று கேட்டேன். கொப்பருக்கு, அதாவது உங்களுக்கு, என்றா. "வீட்டுக்குள்ள வைக்க இல்லை. எல்லாரும் வாசிக்க எழுது. அவனுக்குக் கெட்டபேர் ஊருக்கு முன்னால வந்தது, ஊருக்கு முன்னாலதான் போகவேணும்," என்றா. அப்பாவுக்கு அவமானமாக இருக்காதா என்று கேட்டதற்கு, அவர் அதைத் தாங்கட்டும், தம்பி தாங்கினான்தானே என்றா. அதுதான் காரணம் அப்பா, இதை இப்படி எல்லார் கண்ணிலும் படப் போடுவதற்கு. வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிலிப்பு பயந்து வெட்டிய ஆள் இல்லை. சொன்ன சட்டப்படி வெட்டினவர் அவர். சட்டத்தை மறந்தவர் எங்கள் அப்பா. அந்த மாரி முழுக்க அந்தக் கடலைத் துப்புரவாக்கியவர்கள் இரண்டு பேர், ஒருவர் அல்ல.

எனக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சுவரில் ஒட்டிய அந்தப் படத்து வீரனை எனக்கு ஒருநாளும் சரியாகத் தெரியாது. கொழுவின மடியை எடுக்கத் திரும்புகிற ஆளை எனக்கு நல்லாத் தெரியும். அவர் என் அப்பா. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தக் கிழமைதான் நீங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தீர்கள், கிடைத்ததும் கோபிக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை மாமா முன்வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பார். கடைசி ஆசீர்வாதம் முடியும்வரை எழும்ப விடமாட்டேன், அது என் வாக்கு. இன்னொரு வாக்கும் தருகிறேன். அம்மா புதன்கிழமையில் இருந்து உங்களை ஏசிக்கொண்டே இருக்கிறா. சமைக்கும்போதும் ஏசுகிறா, செபமாலைக்கு நடுவிலும் ஏசுகிறா. நான் உங்கள் பக்கம் கதைக்க வரமாட்டேன். இவ்வளவு காலமும் பிந்தின ஏச்சு, ஒன்றும் மிச்சம் வைக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
பிலிப்பு மாமாவின் மருமகள்,
ரெஜினா